செங்கல்பட்டில் தரக்காஸ்து மறுப்பு: கூடிப் பேசாத உடன்பாடு

படப்பை, ஒரகடம், திருப்பெரும்புதூர் எனத் தொழிற்சாலைகளால் இன்று அறியப்படும் நிலப்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மிராசு ஊர்களைக் கொண்டிருந்தது. இம்மாவட்டத்தில் பறையர் சமூகத்தார் தரிசு நிலம் பெற இயலாது போனமையை, மிராசுதாரரும் அதிகாரிகளும் கூடித் தீட்டிய சதியாக விளக்குவது எளிது. விளைவை மட்டும் நோக்கின் அவ்வாறே தோன்றும். நடைமுறையோ வேறு.

மிராசுரிமை குறித்து எஃப். டபிள்யூ. எல்லிஸ் எழுதிய விடைகள் 1818இல் அச்சேறின. ஊர்த் தரிசின்மீது மிராசுதாரர்க்கு முன்னுரிமை உண்டென்னும் கருத்து அதன்பின் வருவாய் நிர்வாகத்தில் வேரூன்றியது. தரிசு நிலம் கேட்டுச் சேரியைச் சார்ந்தவர் தரக்காஸ்து மனுச் செய்தால், அது முதலில் கணக்குப்பிள்ளையிடமும் மணியக்காரரிடமும் விசாரணைக்கு வரும். அவர்கள் பெரும்பாலும் மிராசுக் குடும்பத்தாரோ, அக்குடும்பங்களை அண்டி வாழ்ந்தவரோ ஆவர். மேய்ச்சலுக்கு வேண்டிய நிலம் என்றோ, மிராசுதாரர் தாமே உழ விரும்புகின்றனர் என்றோ குறிப்பு எழுந்தால் போதும். வட்டாட்சியர்க்கு அக்குறிப்பு இயல்பாகப் பட்டது. அவரும் நிலமுடைய சாதியினரே. மேலிருந்த ஆங்கில அதிகாரி, தீர்வை தவறாமல் வரும் ஊரைக் கலைக்க விரும்பவில்லை. பண்ணையாள் நிலம் பெற்றால் கூலிக்கு ஆள் கிடைக்காது என்பது மிராசுதாரரின் அச்சம். ஒவ்வொருவர்க்கும் காரணம் வேறு, முடிவு ஒன்றே. இதற்கு ஒருவரோடொருவர் கடிதம் எழுத வேண்டிய தேவை இல்லை.

முதலாளிகள் கூலியை உயர்த்தாதிருப்பதில் வெளிப்படச் சொல்லாத நிலையான உடன்பாடு கொண்டிருப்பதை ஆடம் ஸ்மித் 1776இலேயே சுட்டினார். செங்கல்பட்டுக்கு அவ்விளக்கம் பொருந்தும். ஆனால் இங்குச் சாதி அவ்வுடன்பாட்டைப் பேரத்திற்கே இடமில்லாததாக்கியது. சதியெனில் உள்ளிருந்து ஒருவர் வெளிப்படுத்தினால் அது குலையும். இங்கு நிகழ்ந்தது அதுவன்று. மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ஜே. எச். ஏ. திரமென்ஹீர், பறையர் நிலைகுறித்த அறிக்கையை 1891இல் எழுதினார். நிலமின்மை மட்டுமன்றி, குடியிருக்கும் மனையும் மிராசுதாரர் பிடியில் இருந்தமையால், எதிர்த்தவர் வீடிழக்கும் நிலையையும் அவர் பதிவுசெய்தார். ஆட்சியின் உள்ளிருந்தே எழுந்த சாட்சியம் அது. ஆயினும் வருவாய் வாரியம் அவருடைய பரிந்துரைகள் பலவற்றை ஏற்கவில்லை. மறுத்தவர்கள் எவருடைய ஏவலுக்கும் ஆட்பட்டவர் அல்லர். தமக்குப் பழகிய நிர்வாக அறிவின்படியே மறுத்தனர்.

பின்னர்ப் பஞ்சமி நிலம் என அறியப்பட்ட ஒதுக்கீட்டின் தொடக்கமாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை கருதப்படுகிறது. அவ்வாணையை ஊரில் நிறைவேற்ற வேண்டியவர் யார் என்பதே ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா. அதே கணக்குப்பிள்ளை, அதே மணியக்காரர், அதே வட்ட அலுவலகம். ஆகவே எவரும் ஆணையை வெளிப்பட எதிர்க்காமலேயே அது தேய இயலும்: எல்லை காட்டுவதில் தாமதம், பயனற்ற கரம்பைத் தேர்தல், கைமாறிய நிலத்தைக் கண்டும் குறியாமை. கள்ளக் கையொப்பத்தைத் தேடும் கண்ணுக்கு இவை புலப்படா.

நூற்றாண்டு கழிந்து, 1994 அக்டோபரில் காரணை ஊர்ப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தின்போது, செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். அவர்கள் கேட்டது புதிய உரிமையன்று. அரசின் ஏட்டில் முன்பே எழுதப்பட்டிருந்த நிலத்தையே.