பாடத்திட்டம் நம் கைக்கு வந்தது, பேராசிரியர்கள் போனார்கள்



இன்று உயர்தரத்தில் 'இணைந்த கணிதம்' ஒரே பாடம். நமக்கு முந்திய தலைமுறை தூய கணிதம், பிரயோக கணிதம் என்று இரண்டாகப் படித்தது. இந்தப் பாடங்களுக்கெல்லாம் மேலே இருந்த பல்கலைக்கழகக் கணிதத்துறையின் கதையை நாம் பேசுவதே இல்லை.

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. விரிவுரை கொழும்பில், பாடத்திட்டமும் பரீட்சையும் லண்டன் பல்கலைக்கழகத்துடையவை. ஒக்ஸ்போர்ட்டில் படித்த சி. சுந்தரலிங்கம் அங்கே கணிதப் பேராசிரியராக இருந்தார். 1940இல் பதவியை விட்டவர், 1947இல் வவுனியா எம்.பி.யாகி அமைச்சருமானார்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. எதைப் படிப்பிப்பது, எதைக் கேட்பது என்ற முடிவு நம் நாட்டுக்கு வந்தது. 1949இல் கணிதப் பேராசிரியரானவர் சி. ஜே. எலியேசர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி மாணவர். கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். இலத்திரனின் இயக்கம் பற்றிய அவரது 1943ஆம் ஆண்டு ஆய்வு இன்றும் பேசப்படுகிறது.

1959இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகம் போனார். பிறகு மெல்பேர்ன். திரும்பி வரவில்லை.

பாடத்திட்டத்தை லண்டனிடமிருந்து வாங்கிவிட்டோம். படிப்பிக்கிறவர்களை வைத்துக்கொள்ள இன்னும் பழகவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைக்கு "பொறியியலாளராகு" என்கிறோம். "கணித ஆசிரியராகு" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?