விக்ரோறியா உதைபந்தாட்ட லீக்கின் இறுதிப் பருவம்

ஒரு நிறுவனத்தின் மறைவை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தளர்ச்சியிலே தொடங்கி வீழ்ச்சியிலே முடிப்பர். 1989ஆம் ஆண்டோடு பெயரொழிந்த விக்ரோறியா உதைபந்தாட்ட லீக்கின் வரலாறு இம்முறைக்கு அடங்குவதன்று. அதன் கடைசிப் பருவமே ஆட்டத்திறனில் அது தலைசிறந்து நின்ற பருவங்களுள் ஒன்று. அப்பருவம் முடிந்த சில நாட்களுள், தன்னை வளர்த்த புறநகர்க் கழகமொன்றை இல்லாதொழிக்கவும் அந்த லீக்கே முனைந்தது.

ஈண்டுக் குறித்த ஆட்டம் நம்மவர் பழகிய உதைபந்தாட்டமன்று. பந்து முட்டை வடிவினது. களம் கிரிக்கெட் ஆடும் பெருவெளி. பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையாற் பற்றலாம், நிலத்தில் மோதவிட்டு ஏந்தி ஓடலாம். நான்கு கம்பங்களுள் நடுவிரண்டின் ஊடே உதைத்தால் 6 புள்ளி. அயலிடைவெளியிற் சென்றால் 1 புள்ளி. குளிர்காலத்திற் கிரிக்கெட் வீரரின் உடல் சோர்ந்துவிடாதிருத்தற்கென 1858இல் எழுந்த எண்ணத்தின் பயனாய், 1859 மே மாதத்தில் மெல்பேண் கழகத்தார் இதன் முதல் விதிகளை எழுதினர்.

1877இல் தோன்றிய விக்ரோறியா உதைபந்தாட்டச் சங்கத்திலிருந்து 1896இல் எட்டுக் கழகங்கள் பிரிந்து, மறு ஆண்டில் லீக் என்னும் பெயரால் ஆடத் தொடங்கின. கால்ற்றன், கொலிங்வுட், எசெண்டன், பிற்ஸ்றோய், ஜீலோங், மெல்பேண், தென் மெல்பேண், சென் கில்டா என்பன அவை. 1908இல் றிச்மண்டும், 1925இல் புற்ஸ்கிறே, ஹோதோண், வட மெல்பேண் என்னும் மூன்றும் சேர்ந்தன. துறைமுக நகராகிய ஜீலோங் நீங்கலாக ஏனையவெல்லாம் மெல்பேண் நகரையும் அதன் புறநகர்களையும் சார்ந்தவை. எந்தத் தெருவில் வாழ்ந்தானோ அந்தத் தெருவுக்குரிய கழகத்துக்கே ஒருவன் ஆடவேண்டும் என்னும் எல்லை வகுப்பும் நெடுங்காலம் நிலவியது. கழகம் என்பது ஊரின் மறுபெயராயிற்று.

இக்கட்டு குலைந்தமைக்குக் காரணம் பணம் எனச் சுருங்கக் கூறலாம். வீரர்க்குரிய ஊதியம் ஏறியது. வாயிற் கட்டணம் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. 1982இல் தென் மெல்பேண் கழகம் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. 1983இல் மாநில உயர்நீதிமன்றம், வீரர் கழகம் மாறுவதைத் தடுக்கும் விதிகள் தொழிற் சுதந்திரத்துக்கு மாறானவை எனத் தீர்த்தது. 1987இல் பேர்த் நகரிலிருந்தும் பிறிஸ்பேனிலிருந்தும் இரு புதிய கழகங்கள் சேர்க்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் அனுமதிக்காகச் செலுத்த உடன்பட்ட 4 மில்லியன் டொலர், கடனில் அமிழ்ந்திருந்த பழைய கழகங்களுக்கு மூச்சு விட இடந்தந்தது. ஆகவே 1989இல் ஆடிய 14 கழகங்களுள் மூன்று விக்ரோறியாவுக்கு வெளியேயிருந்தன. பெயர் மாறுமுன்பே பொருள் மாறிவிட்டது.

அவ்வாண்டு செப்டெம்பர் 30ஆம் நாள், மெல்பேண் கிரிக்கெட் மைதானத்தில், 94,796 பேர் முன்னிலையில் ஹோதோணும் ஜீலோங்கும் இறுதியாட்டத்திற் பொருதன. தொடக்கத்திலேயே ஜீலோங்கின் மார்க் யேற்ஸ், ஹோதோணின் டேர்மொற் பிறியற்றனை ஓடிவந்து மோதி வீழ்த்தினார். வீழ்ந்தவர் களத்தை விட்டகல மறுத்து, சிறிது நேரத்தில் கோலும் அடித்தார். முதற் காற்பகுதியின் முடிவில் ஹோதோண் 52, ஜீலோங் 12. ஆட்டம் அங்கேயே முடிந்ததென வீடு திரும்ப எண்ணியோரும் இருந்திருப்பர். இருந்தவரே பேறு பெற்றவர். ஜீலோங்கின் காறி ஏப்லெற் தனியொருவராய் 9 கோல் அடித்து, 1928இல் கொலிங்வுட்டின் கோடன் கொவென்றி நாட்டிய இறுதியாட்டச் சாதனையைச் சமன் செய்தார். மூன்றாங் காற்பகுதி முடிவில் 36 புள்ளி பின்தங்கியிருந்த ஜீலோங், கடைசிப் பகுதியில் 8 கோல் அடித்தது. ஹோதோணின் றொபேட் டிப்பியர்டொமெனிக்கோ நுரையீரல் துளைபட்ட நிலையில் ஆடிக்கொண்டிருந்தார். ஈற்றில் ஹோதோண் 144, ஜீலோங் 138. ஆறு புள்ளி, அதாவது ஒரேயொரு கோலின் வேறுபாடு. சிறந்த வீரருக்குரிய பதக்கம் தோற்ற பக்கத்து ஏப்லெற்றுக்கே சென்றது.

சில நாட்களின் பின், புற்ஸ்கிறேக் கழகம் பிற்ஸ்றோய்க் கழகத்தோடு இணைக்கப்படும் என்னும் செய்தி வெளியாயிற்று. புற்ஸ்கிறே மெல்பேணின் மேற்கே தொழிலாளரும் குடியேறியோரும் செறிந்து வாழ்ந்த புறநகர். அதன் கழகம் வென்ற ஒரே வெற்றிக் கிண்ணம் 1954இற்குரியது. கணக்கேடுகளை மட்டும் நோக்குவார்க்கு லீக்கின் தீர்மானம் தவறெனத் தோன்றாது, கடன் மெய்யானதே. ஆயினும் அவ்வூரார் அதனை ஏற்றிலர். ஆதரவாளரான பெண்மணி ஒருவர் நீதிமன்றம் சென்று தவணை பெற்றார். பீற்றர் கோர்டன் என்னும் வழக்கறிஞர் முன்னின்றார். வீடு வீடாகச் சென்று உண்டியல் குலுக்கி, மூன்று வாரமளவில், வேண்டிய 1.5 மில்லியன் டொலருக்கு வழி கண்டனர். இணைப்புக் கைவிடப்பட்டது. ஒரு லீக்கின் கடைசி ஆண்டில் அதன் மிக உறுதியான ஆட்டம் களத்துக்கு வெளியே ஆடப்பெற்றது எனின் மிகையாகாது.

1990இல் லீக் 'அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்' எனப் பெயர் பூண்டது. நாடளாவிய பெயரின்கீழ் முதற் கிண்ணத்தை வென்றது, 1958 முதல் காத்திருந்த கொலிங்வுட் என்னும் புறநகர்க் கழகமே. 1991இல் அடிலேயிட் சேர்ந்தது. 1992இல் பேர்த் நகர்க் கழகம் வென்று, கிண்ணம் முதன்முறையாக விக்ரோறியாவை விட்டகன்றது. தென் அவுஸ்திரேலியாவிலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் நூறாண்டுக்கு மேல் முதன்மை பெற்றிருந்த மாநில லீக்குகள் இரண்டாந் தரத்துக்குத் தாழ்ந்தன. இவ்விழப்பை மெல்பேண் நகரார் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கைவிடப்பட்ட பெயரும் வீணாய்ப் போகவில்லை. எட்டுக் கழகங்கள் பிரிந்து சென்ற அப்பழைய சங்கமே 1996இல் 'விக்ரோறியா உதைபந்தாட்ட லீக்' என்னும் பெயரை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பிற்ஸ்றோயின் கதை முடிந்தது. எட்டு முறை கிண்ணம் வென்ற அக்கழகம், செப்டெம்பர் 1ஆம் நாள், தன் தெருக்களுக்கு 2,700 கிலோமீற்றர் அப்பாலுள்ள பேர்த் நகரில் இறுதியாக ஆடித் தோற்று, பின்னர் பிறிஸ்பேன் கழகத்தோடு இணைக்கப்பட்டது. உண்டியற் பணத்தாற் பிழைத்த புற்ஸ்கிறேயோ 'மேற்குப் புல்டோக்ஸ்' என்னும் பெயரோடு நிலைத்து, 2016இல், 62 ஆண்டுகளின் பின், தன் இரண்டாவது கிண்ணத்தை வென்றது.