கேட்காமலேயே டேபிள் நிறைய தட்டு... சாப்பிட்டதுக்கு மட்டும்தான் பில்! நாசி பாடாங் ஹோட்டலின் கணக்கு என்ன?

ஹோட்டலுக்குள்ள போய் உட்கார்றீங்க. மெனு கார்டு வரல. என்ன வேணும்னு யாரும் கேட்கல. ரெண்டே நிமிஷத்துல ஒரு சர்வர், இடது கையில தோள் வரைக்கும் தட்டுகளை அடுக்கிக்கிட்டு வர்றார். பத்து, பன்னிரண்டு, சில நேரம் அதுக்கும் மேல. ஒவ்வொண்ணா எடுத்து உங்க முன்னாடி வைக்கிறார். மாட்டிறைச்சி, கோழி, மீன், முட்டை, கீரை, பச்சை மிளகாய் சம்பல் என்று டேபிளில் கை வைக்க இடமே இல்லாமல் போகிறது.

முதல் முறை போகிறவர்களுக்கு வரும் ஒரே பயம்: "இது எல்லாத்துக்கும் நாமதான் காசு கொடுக்கணுமா?"

இல்லை. இந்தோனேசியாவின் பழைய நாசி பாடாங் உணவகங்களில் பல தலைமுறையாக நடக்கும் வழக்கம் இது. தொட்டதுக்குத்தான் காசு, தொடாதது திரும்பிப் போய்விடும்.

நாசி பாடாங் என்றால் என்ன?

'நாசி' என்றால் சோறு. 'பாடாங்' என்பது மேற்கு சுமத்ரா மாகாணத்தின் தலைநகர். ஆனால் இந்தச் சமையல் அந்த ஒரு நகரத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. மேற்கு சுமத்ராவின் மலைகளிலும் கடற்கரையிலும் வாழும் மினாங்கபாவ் மக்களின் சமையல் இது. தேங்காய்ப்பால், மிளகாய், மஞ்சள், இஞ்சி, எலுமிச்சைப்புல், மஞ்சள் இலை ஆகியவைதான் இதன் அடிப்படை. மினாங்கபாவ் மக்கள் முஸ்லிம்கள் என்பதால் பன்றி இறைச்சி கிடையாது. மாட்டிறைச்சி ஏராளம்.

ஹோட்டலை அடையாளம் காண்பதும் எளிது. எருமைக் கொம்பு போல இரண்டு பக்கமும் மேலே வளைந்த கூரை, அல்லது அந்தக் கூரையின் படம் போட்ட போர்டு இருக்கும். வாசலில் கண்ணாடி அலமாரி, அதற்குள் படிப்படியாக அடுக்கிய தட்டுகளில் கறிகள். மெனு கார்டு தேவைப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். தெருவில் போகிறவர்களுக்கே இன்று என்ன சமையல் என்று தெரிந்துவிடும்.

பில் எப்படிப் போடுகிறார்கள்?

தட்டுகளைக் கொண்டுவந்து பரப்பும் முறைக்கு 'ஹிடாங்' என்று பெயர். ஒவ்வொரு தட்டிலும் எண்ணி வைத்த மாதிரி ஒன்றோ இரண்டோ துண்டுகள்தான் இருக்கும். இரண்டு துண்டு ரெண்டாங் வைத்த தட்டில் ஒன்றை மட்டும் எடுத்தால் ஒன்றுக்கு மட்டும் காசு. சாப்பிட்டு முடித்ததும் சர்வர் வந்து டேபிளைப் பார்ப்பார். வைத்தது எத்தனை, மிச்சம் எத்தனை என்று பார்த்தே கணக்கு சொல்லிவிடுவார். பழகிய ஆட்களுக்கு இது சில நொடி வேலை.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? குழம்பில். "கறித்துண்டை எடுக்கல, ஒரு ஸ்பூன் குழம்பு மட்டும் ஊத்திக்கிட்டேன், இதுக்கும் காசா?" என்று கேட்டால் கடைக்குக் கடை பதில் மாறும். கண்டுகொள்ளாத கடைகளும் உண்டு, தொட்ட தட்டு என்று கணக்கில் சேர்க்கும் கடைகளும் உண்டு. சந்தேகம் இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. வேண்டாத தட்டுகளை உடனே எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்போ தொடாத தட்டு அடுத்த டேபிளுக்குப் போகுமா? ஆமாம், போகும். சுத்தம் பற்றிய இந்தக் கேள்வி இந்தோனேசியர்களுக்கும் உண்டு. கொரோனா காலத்தில் தட்டுகளை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடிப் பரிமாறும் பழக்கம் பல கடைகளில் வந்தது. மற்றபடி இந்த முறை முழுக்க வாடிக்கையாளரின் நாணயத்தை நம்பித்தான் ஓடுகிறது. ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் குழம்புக்குள் மறைத்து வைக்க மாட்டார் என்ற நம்பிக்கை.

எதை எடுக்கலாம்?

முதல் இடம் ரெண்டாங்குக்குத்தான். சிஎன்என் தளம் 2011-ல் வாசகர்களிடம் நடத்திய ஓட்டெடுப்பில் உலகின் சுவையான உணவுகள் பட்டியலில் இது முதலிடம் பிடித்தது. நம்மில் பலர் இதை 'மாட்டிறைச்சிக் குழம்பு' என்று நினைக்கிறோம். நிஜத்தில் குழம்பே வற்றிப்போன பிறகு கிடைப்பதுதான் ரெண்டாங்.

மசாலாவும் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்ந்து கொதிக்கும்போது அது 'குலாய்', அதாவது தண்ணியான குழம்பு. இன்னும் சுண்டி, பழுப்பு நிறத்தில் கெட்டியானால் 'காலியோ'. அதற்கு மேலும் மணிக்கணக்கில் கிளறினால் தண்ணீர் முழுவதும் போய், தேங்காய்ப்பாலில் இருந்து எண்ணெய் பிரியும். அந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபட்டுக் கருத்துப்போகும். அதுதான் ரெண்டாங். பல கடைகளில் ரெண்டாங் என்ற பெயரில் தட்டில் வருவது உண்மையில் காலியோதான். குழம்பு ஓடினால் அது ரெண்டாங் இல்லை!

ஈரம் போய்விடுவதால் நன்றாக வறுத்த ரெண்டாங் ஃபிரிட்ஜ் இல்லாமலேயே வாரக்கணக்கில் தாங்கும். ஊரைவிட்டுப் போகும் மகனுக்கு அம்மா கட்டிக்கொடுக்கும் சாப்பாடாக அது இருந்ததற்கு இதுதான் காரணம். 2018-ல் சுலவேசி தீவின் பாலு நகரை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபோது, மேற்கு சுமத்ராவில் இருந்து போன நிவாரணப் பொருட்களில் ரெண்டாங்கும் இருந்தது.

ரெண்டாங் தவிர, தோல் நீக்கி வெளுப்பாகப் பொரித்த 'ஆயாம் பாப்' கோழி, மெல்லிசாக வறுத்த மாட்டிறைச்சி மேல் சிவப்பு மிளகாய் போட்ட 'டெண்டெங் பாலாடோ', மாட்டுக்கால் நரம்பில் செய்யும் 'குலாய் துன்ஜாங்' ஆகியவை பழைய கடைகளின் பெருமை. நம்ம ஊர் பாயா பிடித்தவர்கள் துன்ஜாங்கை விட்டுவிடாதீர்கள். மாட்டு மூளை, நுரையீரல் வறுவலும் வரும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கொஞ்சம் திண்டாட வேண்டியிருக்கும். வேகவைத்த மரவள்ளி இலை, பலாக்காய் குழம்பு, பச்சை மிளகாய் சம்பல் எல்லாம் இருக்கும். ஆனால் பலாக்காய் குழம்பில் இறைச்சியோ மீனோ கலந்திருக்கலாம், சம்பலில் நெத்திலி இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கையால்தான் சாப்பிடுவார்கள், வலது கையால். டேபிளில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் சின்னக் கிண்ணம் வைத்திருந்தால் அது கை கழுவ. ஜூஸ் என்று நினைத்துக் குடித்தவர்களின் கதை இந்தோனேசியா போய்வந்த பலரிடம் இருக்கும். சோறு பத்தவில்லை என்றால் "தம்புவா சியெக்" என்று குரல் கொடுங்கள். மினாங்கபாவ் மொழியில் 'இன்னும் ஒண்ணு' என்று அர்த்தம்.

ஊர் ஊராக எப்படிப் பரவியது?

மினாங்கபாவ் சமூகம் உலகின் மிகப்பெரிய தாய்வழிச் சமூகம். பரம்பரை வீடும் வயலும் அம்மாவிடம் இருந்து மகளுக்குத்தான் போகும். ஆண்கள் இளவயதில் ஊரைவிட்டு வெளியேறி, சம்பாதித்து, பேர் வாங்கித் திரும்ப வேண்டும் என்பது வழக்கம். இதற்கு 'மெரந்தாவ்' என்று பெயர். போன இடத்தில் கையில் இருந்த தொழில், சமையல்.

1937-லேயே ஜாவா தீவின் சிரெபோன் நகரில் 'பாடாங் உணவகம்' என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஒரு கடை நடந்திருக்கிறது. 1958-ல் மேற்கு சுமத்ராவில் ஜகார்த்தா அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்து, ராணுவத்தால் அடக்கப்பட்டது. அதன் பிறகு ஜகார்த்தாவுக்கும் மற்ற நகரங்களுக்கும் கூட்டம் கூட்டமாக மினாங்கபாவ் மக்கள் போனார்கள். 'செடெர்ஹானா' என்ற பெரிய சங்கிலித் தொடர் உணவகமும் இப்படி ஊரைவிட்டு வந்த புஸ்தமான் என்பவர் 1972-ல் ஜகார்த்தாவில் தொடங்கியதுதான். அந்தப் பெயருக்கு 'எளிமை' என்று பொருள். சிங்கப்பூரிலும் 1948-ல் தொடங்கிய 'வாரோங் நாசி பரியாமான்' போன்ற கடைகள் இதே பயணத்தில் வந்தவை.

பாடாங் நகரத்துக்குத் தமிழ்த் தொடர்பும் உண்டு. அங்கே குடியேறிய இந்திய முஸ்லிம்களின் வழிவந்தவர்கள், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக ஆண்டுதோறும் பள்ளிவாசல் மேலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை வீசும் விழா நடத்துகிறார்கள்.

லாபம் யாருக்கு?

தட்டு தூக்குபவரும் பாத்திரம் கழுவுபவரும் பல பாடாங் ஹோட்டல்களில் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, பங்குக்காரர்கள். இந்த முறையின் பெயர் 'மாத்தோ'. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் 100 நாளுக்கு ஒருமுறை, கணக்கை எல்லோர் முன்னாடியும் திறப்பார்கள். செலவும் ஜகாத்தும் போக மிஞ்சும் லாபத்தில் முதலாளிக்கு ஒரு பகுதி, மீதி தொழிலாளர்களுக்கு. ஒவ்வொருவரின் வேலைக்கும் இத்தனை 'மாத்தோ' என்று புள்ளி இருக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். லாபம் 10 கோடி ருப்பியா, அதில் பாதி தொழிலாளர்களுக்கு, மொத்தப் புள்ளி 50 என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு 10 லட்சம் ருப்பியா. 6 புள்ளி உள்ள தலைமைச் சமையல்காரருக்கு 60 லட்சம், 2 புள்ளி உள்ள பாத்திரம் கழுவுபவருக்கு 20 லட்சம். கடை ஓடினால் எல்லோருக்கும் லாபம், படுத்தால் எல்லோருக்கும் அடி. டேபிளைப் பார்த்து பில் சொல்லும் சர்வர் ஏன் ஒரு துண்டைக்கூட விடாமல் எண்ணுகிறார் என்பது இப்போது புரியும். அது அவருடைய காசும்தான்.

10,000 ருப்பியா சண்டை

இந்தக் கணக்கை உரசிப்பார்த்த சம்பவம் 2024 அக்டோபரில் நடந்தது. அதே சிரெபோன் நகரில், 10,000 ருப்பியாவுக்கு (நம்ம ஊர் காசுக்கு அம்பது ரூபாய் சொச்சம்) நாசி பாடாங் விற்ற ஒரு கடையில் 'பாடாங் சமையல்' என்ற ஸ்டிக்கரைச் சிலர் கிழித்தெடுக்கும் வீடியோ வைரலானது. அந்தப் பகுதி பாடாங் உணவக உரிமையாளர்கள் சங்கம்தான் இதைச் செய்தது. "மினாங்கபாவ் ஆள் இல்லாதவன் நாசி பாடாங் விற்கக்கூடாதா?" என்று இந்தோனேசிய சமூக வலைதளங்களில் பெரும் சண்டை.

யார் வேண்டுமானாலும் விற்கலாம், விலையைக் கண்டபடி குறைத்து மற்ற கடைகளைக் கெடுப்பதைத்தான் எதிர்த்தோம் என்று சங்கத்தினர் பிறகு விளக்கம் சொன்னார்கள். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவருக்கு 10,000 ருப்பியா சாப்பாடு பெரிய விஷயம். அதே சமயம், மிளகாய் விலையும் தேங்காய் விலையும் அடிக்கடி ஏறும் நாட்டில், மணிக்கணக்கில் கிளறும் ரெண்டாங்கை அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. துண்டு சின்னதாகும், அல்லது ரெண்டாங் காலியோவிலேயே நின்றுவிடும். ஸ்டிக்கரைக் கிழித்தது தவறு. ஆனால் கிழித்தவர்களின் கவலை பொய்யானதல்ல.

தனியாகப் போனால்?

ஒரே ஆளுக்கு ஹிடாங் வேண்டாம், அதிகம். கண்ணாடி அலமாரி முன்னால் போய் நின்று, வேண்டியதைக் கைகாட்டுங்கள். சோற்றின் மேல் கறி, கீரை, சம்பல் வைத்து, மேலே ரெண்டு மூணு குழம்பைக் கலந்து ஊற்றி ஒரே தட்டில் தருவார்கள். செலவும் குறைவு.

பார்சல் வாங்கினால் வாழை இலையும் பழுப்புக் காகிதமும் வைத்துக் கட்டித் தருவார்கள். பார்சலில் சோறு அதிகமாக இருக்கும் என்பது இந்தோனேசியாவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தட்டு கழுவும் வேலை மிச்சம், அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் காத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான் என்பார்கள் இன்னும் சிலர்.