ரென்னெட்டும் ஆண்கன்றும்

பாலாடைக்கட்டியின் அறம் குறித்த நம் விவாதங்கள் பெரும்பாலும் ரென்னெட்டோடு நின்றுவிடுகின்றன. பால்குடிக் கன்றைக் கொன்று அதன் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைநொதி அது. இந்தியர் அதை ஏற்கமாட்டார்கள் என்பதைக் காலனிய ஆட்சி அறிந்திருந்தது. வடமேற்குப் பகுதிகளில் பாலை உறையவைக்கப் பயன்பட்ட, நம் அமுக்கராவுக்கு உறவான விதானியா கோயாகுலன்ஸ் செடியின் விதைகளை ஷெரிடன் லீ ஆராய்ந்து, 1880களில் இராயல் சொசைட்டி இதழில் எழுதினார். 1960களில் ஜப்பானியர் பூஞ்சையிலிருந்து மாற்று நொதி கண்டனர். 1990இல் மரபணு மாற்ற நுண்ணுயிர் தரும் கைமோசினுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இன்று நம் கடைகளில் பாலாடைக்கட்டி பச்சைப் புள்ளியோடு கிடைக்கிறது.

ஆனால், கன்று தப்பியதா? ஒரு கிலோ கட்டிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால் வேண்டும். பசு ஈன்றால்தான் பால். ஈனும் கன்றுகளில் பாதி ஆண். (எலுமிச்சைச் சாற்றால் திரிக்கும் பன்னீருக்கும் இக்கணக்கு பொருந்தும்.) 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாட்டினத்தில் பெண் 14.51 கோடி, ஆண் 4.74 கோடி. 2012ஐ விடப் பெண் 18 விழுக்காடு கூடியது. ஆண் 30 விழுக்காடு குறைந்தது. உழவில் டிராக்டர் புகுந்தது ஒரு காரணம். பாலுக்கென்றே வளர்க்கப்படும் மந்தையில் ஆண்கன்றுக்கு இடமின்மை மற்றொன்று. நொதியின் வரலாற்றுக்கு ஆய்விதழ்கள் சான்றாக உள்ளன. குறைந்துபோன கன்றுகள் எங்கே போயின என்பதைக் கணக்கெடுப்பு சொல்வதில்லை. அது உயிரோடிருப்பவற்றை மட்டுமே எண்ணுகிறது.