மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி – மூவரும் ஒரே சிறையில்!

விருத்தாசலத்தில் அச்சு என்றால் முதலில் ஞாபகம் வருவது புத்தகம் இல்லை, பொம்மை. பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சுக்குள் கூழாகக் கரைத்த களிமண்ணை ஊற்றுவார்கள். அச்சின் சுவர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, உள்பக்கம் ஓடு மாதிரி மண் படியும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதும் பிரித்தால் பொம்மை தயார். ஒரே அச்சில் நூறு பொம்மை எடுக்கலாம். ஆனால் சூளைக்குப் போய் வந்தபின் வண்ணம் பூசுகிற கை மாறினால் முகமே மாறிவிடும்! செராமிக் படிக்கும் மாணவர்களுக்கு இது முதல் வருடப் பாடம்.

தமிழ் காமிக்ஸின் கதையும் ஏறக்குறைய இதேதான். அச்சு லண்டனில் செய்தது. வண்ணம் பூசியது சிவகாசியில். அந்த அச்சைச் செய்தவர்களே அதை உடைத்துப் போட்டுவிட்டு மறந்துபோன பிறகும் இங்கே பொம்மைகள் விற்றுக்கொண்டிருந்தன என்பதுதான் விசேஷம்.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவில் 'ஆல்பியன்' என்றொரு காமிக்ஸ் தொடர் ஆரம்பமானது. டிசி நிறுவனத்தின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு வெளியிட்டது. மொத்தம் ஆறே இதழ்கள்தான், ஆனால் முடிய 2006 நவம்பர் ஆகிவிட்டது! கதைக்கரு 'வாட்ச்மென்' புகழ் ஆலன் மூர். வசனமும் காட்சியமைப்பும் அவருடைய மகள் லியா மூரும் மருமகன் ஜான் ரெப்பியனும். ஓவியம் ஷேன் ஓக்லி, ஜார்ஜ் ஃப்ரீமேன். அட்டைப்படங்கள் டேவ் கிப்பன்ஸ். பிறகு ஆறும் சேர்ந்து ஒரே தொகுப்பாகவும் வந்தது.

இதில் தமிழ் வாசகருக்கு என்ன இருக்கிறது? கதையில் வருபவர்களின் பட்டியலைப் பார்த்தால் புரியும். எஃகுக் கையுள்ள லூயிஸ் கிராண்டல். கருப்பு உடையும் கூர்மையான காதுமாக ஸ்பைடர். ரோபோ ஆர்ச்சி. அதாவது நம்மூர் இரும்புக்கை மாயாவி, 'கூர்மண்டையர்' ஸ்பைடர், 'சட்டித்தலையன்' ஆர்ச்சி! மூவரும் ஒரே கதையில்!

ஒருவர் உலகத்து நாயகன் இன்னொருவர் கதைக்குள் நுழைவதற்கு காமிக்ஸ் உலகில் 'கிராஸ் ஓவர்' என்று பெயர். 'கைதி' (2019) படத்துப் போலீஸ் அதிகாரி பிஜாய் 'விக்ரம்' (2022) படத்தில் வந்து நின்றபோது தியேட்டரில் விசில் பறந்ததே, அது கிராஸ் ஓவர். அமெரிக்க காமிக்ஸில் இது பல பத்தாண்டுகளாக நடக்கும் வியாபாரம். பிரிட்டிஷ் வார இதழ்களிலோ அபூர்வம். ஆர்ச்சியும் ஸ்பைடரும் 'லயன்' வார இதழில் வந்தவர்கள், கிராண்டல் 'வேலியண்ட்' வார இதழ்க்காரர். ஆளுக்கு இரண்டு மூன்று பக்கம், அவரவர் பக்கத்தில் அவரவர் சாகசம், அவ்வளவுதான்.

ஆல்பியனின் கதை ஒரு வித்தியாசமான கேள்வியில் தொடங்குகிறது. பழைய காமிக்ஸ் நாயகர்கள் எல்லோரும் நிஜமாகவே வாழ்ந்தவர்கள் என்றால், அவர்கள் எங்கே போனார்கள்? பதில்: அரசாங்கம் அவர்களைப் பிடித்து ஸ்காட்லாந்தில் ஒரு ரகசியச் சிறையில் அடைத்துவிட்டது! விஞ்ஞானி, மந்திரவாதி, வில்லன், நல்லவன் என்ற பேதமே இல்லை. விசேஷ சக்தி இருந்தால் உள்ளே. டேனி என்ற பழைய காமிக்ஸ் பைத்தியமும், பொம்மை எந்திரங்களை இயக்கும் டோல்மேன் என்ற பழைய நாயகனின் மகள் பென்னியும் இந்த உண்மையைத் துருவிப் போகிறார்கள்.

மூருக்கு இது புது யோசனையும் அல்ல. 1980-களில் மார்வெலின் பிரிட்டிஷ் கிளைக்கு 'கேப்டன் பிரிட்டன்' எழுதியபோதே, இதே பழைய ஆட்களைப் பெயர் மாற்றிக் கல்லறைக்கு அனுப்பியவர் அவர். கிராண்ட் மாரிசன் தன் 'ஜெனித்' தொடரின் மூன்றாம் பாகத்தில் ஆர்ச்சியை நடன விடுதிக் கலாச்சாரத்து ரோபோவாக்கிக் கூட்டத்தோடு சண்டைக்கு அனுப்பினார். ஆக, பிரிட்டனில் வளர்ந்த கதாசிரியர்களுக்கு இந்த நாயகர்கள் இறந்துபோன சொந்தக்காரர்கள் மாதிரி. கனவில் மட்டும் வருவார்கள்.

காரணம் இருக்கிறது. அங்கே அவர்கள் உண்மையிலேயே இறந்துதான் போனார்கள். ஸ்பைடர் தொடர் 1965-ல் ஆரம்பித்து 1969-ல் நின்றது. 1974-ல் லயன் இதழே மூடப்பட்டு வேலியண்ட்டோடு இணைந்தது. 1976-ல் வேலியண்ட்டும் 'பேட்டில்' இதழில் கரைந்தது. அங்கே வார இதழ்கள் செத்தால் நாயகர்களும் கூடவே செத்தார்கள்.

இங்கே நடந்தது தலைகீழ். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் வெளியிட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனம் 1967-ல் 'சூப்பர் லைப்ரரி' என்று பாக்கெட் சைஸ் புத்தகங்களை வெளியிட்டது. ஸ்டீல் க்ளா, ஸ்பைடர், ஜானி நீரோ எல்லோரும் அதில் உண்டு. அந்தச் சரக்கு அங்கே பெரிதாக நிலைக்கவில்லை. தமிழில் அதே ஆட்களை வைத்து ஒரு தலைமுறையே வாசிக்கக் கற்றுக்கொண்டது. மாயாவி, லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ என்ற மும்மூர்த்திகளைத் தெரியாமல் 70-களில் பள்ளிக்கூடம் போன பையன்கள் குறைவு!

பெயர் வைத்ததையே பாருங்கள். ஆங்கிலத்தில் 'தி ஸ்டீல் க்ளா', அதாவது வெறும் எஃகு நகக்கை. ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தமிழில் 'மாயாவி' சேர்ந்ததும் ஆள் மாறிவிட்டான். மாயாவி என்பது பாட்டி கதையில் வரும் சொல். ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் உயிரை வைத்திருப்பவனும் மாயாவிதானே! விபத்தில் கையை இழந்த ஒரு லேப் உதவியாளன், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகும் விஞ்ஞானப் புனைகதை நாயகன், ஒரே சொல்லில் மந்திரவாதிகள் வம்சத்தில் சேர்ந்துவிட்டான். 1962-ல் வேலியண்ட்டில் தொடங்கியபோது கிராண்டல் நல்லவன்கூட இல்லை. சக்தி கிடைத்ததும் புத்தி கெட்டுக் குற்றத்தில் இறங்கியவன். நிழற்படை உளவாளி ஆனதெல்லாம் பிறகு. தமிழில் நிலைத்தது அந்த நிழற்படை மாயாவிதான். (பின்னாளில் ராணி காமிக்ஸ் ஃபேண்டமுக்கு 'முகமூடி வீரர் மாயாவி' என்று பெயர் வைத்து ஊரைக் குழப்பியது தனிக்கதை!)

1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், இருபது வயதுகூட ஆகாத நிலையில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி பிளைசியின் 'கத்தி முனையில் மாடஸ்டி'. சில மாதங்களிலேயே 'எத்தனுக்கு எத்தன்' மூலம் ஸ்பைடர் வந்தார். லண்டனில் தொடர் நின்று 15 வருடம் கழித்து! அங்கே பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்ட ஹெலிகாரும் வலைத் துப்பாக்கியும் இங்கே பஸ் ஸ்டாண்ட் கடைகளில் புத்தம் புதுசாகத் தொங்கின. பின்னால் ஆர்ச்சியும் தன் காலம் கடக்கும் கோட்டையோடு வந்து சேர்ந்தார்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆர்ச்சியை 1952-ல் உருவாக்கியவரும், ஸ்பைடரின் முதல் இரண்டு கதைகளை எழுதியவரும் ஒருவரே: டெட் கோவன். ஆனால் 1966-ல் ஸ்பைடரைக் கையில் எடுத்தவர் அவர் இல்லை. ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்தான்!

ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அவர், 1938-ல் அதன் மொத்த உரிமையையும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார். அந்த நாயகன் கோடிகளைக் குவித்தபோது வழக்குப் போட்டார். கிடைத்தது சொற்பம். சூப்பர்மேன் கதைகளிலிருந்து இருவர் பெயரும் தூக்கப்பட்டது. 1959-ல் மறுபடி டிசிக்கே போய்ப் பெயர் இல்லாமல் சூப்பர்மேன் கதை எழுதினார். தான் படைத்தவனுக்கே கூலிக்கு! 60-களின் நடுவில் மீண்டும் உரிமை கேட்க முயன்றதும் அந்த வேலையும் போனது. அப்படி அலைந்த நாட்களில் அட்லாண்டிக் தாண்டிக் கிடைத்த வேலைதான் ஸ்பைடர்.

குற்றவாளிகளின் ராஜாவாக ஆரம்பித்த ஸ்பைடரைக் குற்றவாளிகளுக்கே எமனாக மாற்றியது சீகலின் பேனா. பூதம், ரோபோ சக்கரவர்த்தி, விண்வெளி வில்லன் என்று வாரத்துக்கு வாரம் நம்ப முடியாத எதிரிகளைக் கொண்டுவந்து இறக்கினார். ரெக் பன் அதையெல்லாம் நுணுக்கமான கோடுகளில் வரைந்தார். இங்கே 'பாட்டில் பூதம்' படித்துவிட்டுத் தூக்கம் கெட்ட பையனுக்கு, அதை எழுதியவரும் சூப்பர்மேனை எழுதியவரும் ஒரே ஆள் என்று தெரிந்திருக்க வழியில்லை. பிரிட்டிஷ் வார இதழ்கள் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடுவதே வழக்கமில்லை. அச்சு எடுத்தவர் பெயர் பொம்மையின் அடியில்கூட இல்லை! மாயாவிக்கும் அதே கதி. எழுதிய கென் பல்மர், டாம் டுல்லி, வரைந்த ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ, மூவருமே அந்தப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாதவர்கள்.

சீகலுக்கும் ஷஸ்டருக்கும் 1975-ல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், சூப்பர்மேனில் பெயரும் திரும்பக் கிடைத்தன. பத்திரிகைகளில் விஷயம் நாறிய பிறகு! சீகல் 1996-ல் இறந்தார். 2001-ல் ஏஓஎல் டைம் வார்னர், பழைய ஃப்ளீட்வே நாயகர்கள் பலருக்கு உரிமை வைத்திருந்த ஐபிசி நிறுவனத்தை வாங்கியது. டிசியும் அதே டைம் வார்னரின் சொத்து. ஆல்பியன் சாத்தியமானதே அதனால்தான். ஆக, டிசி துரத்திய மனிதர் வயிற்றுப்பாட்டுக்காக வளர்த்த ஸ்பைடர், கடைசியில் டிசியின் புத்தகத்திலேயே கைதியாக வந்து சேர்ந்தார். ஆலன் மூரும் 'வாட்ச்மென்' உரிமைக்காக டிசியோடு கசந்து போனவர் என்பதைச் சேர்த்துப் படித்தால், அந்தச் சிறைச்சாலை வெறும் கதைக்கான செட்டாகத் தெரியாது.

புத்தகம் எப்படி? உண்மையைச் சொன்னால், ஆறு இதழில் அடங்காத கூட்டம். பழைய பிரிட்டிஷ் இதழ்கள் தெரியாதவருக்கு யார் யாரென்றே புரியாது. கதை டேனி, பென்னியைச் சுற்றித்தான் ஓடுகிறது, ஆகவே மாயாவிக்காக மட்டும் வாங்கியவர் ஏமாறுவார். இடையிடையே பழைய வார இதழ் பாணியில் வரையப்பட்ட பக்கங்கள்தான் உயிர். அடிப்படைச் சோகமோ தமிழ் வாசகருக்கு ஒட்டவே ஒட்டாது. 'எல்லோரும் இவர்களை மறந்துவிட்டார்கள்' என்பதுதான் கதையின் அஸ்திவாரம். சிவகாசியிலிருந்து வந்த இதழ்களை அட்டை கிழியாமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பவரிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்! தமிழ்நாட்டில் இவர்களை யாரும் விடுதலை செய்யத் தேவை இருக்கவில்லை. யாரும் உள்ளே போடவே இல்லையே.

இங்கேயும் இடைவெளி விழாமல் இல்லை. 2000-களில் லயன்–முத்து இதழ்கள் வருவது அரிதாகி, எப்போது வரும் என்றே தெரியாத காலம் இருந்தது. 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்', 2013 ஜனவரியில் முத்துவின் 40-வது ஆண்டுக்காக 400 ரூபாய் விலையில் 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்' என்று மீண்டு, பழைய நாயகர்கள் மறுபதிப்பாகவும் வந்தார்கள். 2022-ல் முத்துவுக்கு 50 வயது.

பிரிட்டனிலும் காற்று திரும்பியது. 'ஜட்ஜ் ட்ரெட்' வெளியிடும் ரெபெல்லியன் நிறுவனம் 2016-லும் 2018-லும் இரண்டு தவணையாகப் பழைய ஃப்ளீட்வே – ஐபிசி சொத்தை வாங்கியது. 2018-லேயே சைமன் ஃபர்மன் எழுத்தில் 'தி விஜிலண்ட்' என்று புதிய குழு ஒன்றையும் இறக்கியது. மந்திரவாதி டாக்டர் சின், லைம் தெருச் சிறுத்தைப் பையன், ஸ்டீல் கமாண்டோ என்று அமானுஷ்யமும் இரும்பும் கலந்த கூட்டம். பழைய ஆட்களைச் சிறையில் வைத்துப் புலம்பாமல் நேராகச் சண்டைக்கு அனுப்பியது நல்ல காரியம்.

அதைவிட நல்ல காரியம் 2021-ல் நடந்தது. ஸ்பைடரின் ஆரம்பக் கதைகள் 'தி ஸ்பைடர்ஸ் சிண்டிகேட் ஆஃப் க்ரைம்' என்ற புத்தகமாக வந்தன. ஜெர்ரி சீகல், டெட் கோவன், ரெக் பன் என்று மூவர் பெயரும் அதில் இருக்கின்றன. 1965-ல் லண்டனில் லயன் வாங்கிய சிறுவனும், 1984-ல் இங்கே 'எத்தனுக்கு எத்தன்' வாங்கிய சிறுவனும் பார்க்காத பெயர்கள்.