மணிக்கணக்கும் ஊசிமுனையும்

ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றி ஒரு மருத்துவர் கல்லூரியில் படித்தது பத்து ஆண்டுகூடத் தாங்காது. அமெரிக்காவில் 1945ல் படைவீரர்களுக்கும் மறு ஆண்டே பொதுமக்களுக்கும் வந்த இந்தத் தடுப்பூசி, 1947லேயே கைவிட்டது. ஊரில் பரவிய வைரஸ் ஊசியில் இருந்ததை விட்டு வெகுதூரம் விலகிப் போயிருந்தது. இன்று எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. மாறுவது வைரஸ் மட்டுமா? முட்டை ஒவ்வாமை உள்ளவருக்கு ஊசி போடும் முன் யோசிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கெனத் தனி முன்னெச்சரிக்கை தேவையில்லை என்று அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2023ல் சொல்லிவிட்டது. மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தை அதே குழு 2016ல் வேண்டாமென்று ஒதுக்கியது, இரண்டு பருவம் கழித்துத் திரும்ப ஏற்றுக்கொண்டது. பி யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பின் தென்படாததால், 2024ல் அமெரிக்காவில் நான்கு வகை ஊசி மூன்று வகையாகச் சுருங்கியது. படித்துக்கொண்டே இருக்க வேண்டிய பாடம் என்று மருத்துவத்தில் ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும். ஆனால் அப்படிப் படிக்க வைப்பதற்கென்றே உருவான கிரெடிட் முறை இந்தப் பாடத்தில் சாதித்தது எவ்வளவு என்று பார்த்தால், கிரெடிட்டை ஒரு வேலையோடும் அந்த வேலைக்கான உரிமையோடும் முடிச்சுப் போட்ட இடத்தில்தான் அது பலன் தந்திருக்கிறது.

கிரெடிட்டின் பிறப்பிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அமெரிக்கப் பொது மருத்துவர்கள் 1947ல் தமக்கென ஒரு சங்கம் தொடங்கியபோது, உறுப்பினராக நீடிக்க மூன்று ஆண்டுகளுக்கு 150 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். சிறப்பு மருத்துவர்களுக்கு நடுவே தங்கள் மதிப்பைக் காத்துக்கொள்ள அவர்களுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. எண்ணிக் காட்டுவதற்கு மணி நேரம் வசதியாக இருந்தது. 1968ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதற்கென ஒரு விருதையே ஏற்படுத்தியது. 1971ல் நியூ மெக்சிகோ மாநிலம் உரிமத்தைப் புதுப்பிப்பதோடு இதைச் சட்டமாகவே இணைத்தது. பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. இந்தியாவிலும் 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரம் என்கின்றன. எங்கும் அளவுகோல் கடிகாரம்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். கேட்டது மனதில் தங்கியதா, கைக்கு வந்ததா என்பது கணக்கில் வராது.

உட்கார வைத்தால் போதாது என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. டேவ் டேவிஸும் உடன் ஆய்வாளர்களும் 1999ல் ஜாமா மருத்துவ இதழில் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் சொற்பொழிவு மருத்துவர்களின் நடைமுறையை மாற்றியதாகத் தெரியவில்லை. கலந்துபேசிப் பயிற்சி செய்யும் வகுப்புகளில் ஓரளவு மாற்றம் இருந்தது. ஃப்ளூ விஷயத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. மருத்துவப் பணியாளர்கள் ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பரிந்துரை 1980களிலேயே வந்துவிட்டது. சுவரொட்டி, வகுப்பு, இலவச ஊசி என எல்லாம் செய்தும் பல மருத்துவமனைகளில் பாதிப் பேர்தான் கை நீட்டினார்கள். சியாட்டிலின் விர்ஜினியா மேசன் மருத்துவமனை 2005ல் ஊசியை வேலைக்கான நிபந்தனையாக்கியது. ஊசி போட்டுக்கொண்டவர்களின் விழுக்காடு 97ஐத் தாண்டியது. செவிலியர் சங்கம் எதிர்த்து நின்று தன் உறுப்பினர்களுக்கு விலக்கு வாங்கியதும் உண்மை. அந்த எதிர்ப்பை அறியாமை என்று தள்ளுவது சரியல்ல. கட்டாயம் என்பது பேச்சுவார்த்தைக்கு உரியது என்பதே அவர்கள் வாதம், அது நியாயமான வாதமும்கூட. ஆனால் படிப்பு மட்டும் கொண்டுவராத எண்ணிக்கையை நிபந்தனை கொண்டுவந்தது என்பதை மறுக்க முடியாது.

மருந்தாளுநர்களின் கதை வேறு தினுசு. மாத்திரை எண்ணிக் கொடுப்பவர் ஊசி போடலாமா என்ற கேள்வி பெரிதாக இருந்த காலத்தில், 1994ல் வாஷிங்டன் மாநிலத்தில் அவர்களுக்கு முறையான பயிற்சி தொடங்கியது. 1996ல் அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் அதை நாடு தழுவிய சான்றிதழ்ப் பயிற்சியாக்கியது. அதில் வீட்டில் படிக்கும் பகுதி உண்டு, தேர்வு உண்டு. கடைசியில் ஊசியைக் கையில் கொடுத்துப் பார்க்கிறார்கள். தோள்பட்டை எலும்பின் நுனியைத் தொட்டுக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு மூன்று விரல் கீழே, தசை தடித்திருக்கும் இடத்தில், செங்குத்தாகக் குத்த வேண்டும். கொஞ்சம் மேலே போனால் மருந்து மூட்டுப் பக்கம் இறங்கி, மாதக்கணக்கில் கை தூக்க முடியாத வலி வரும். இந்தத் தோள் காயத்தை அமெரிக்க அரசு 2017ல் தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது. விரல் அளவு தவறினால் நோயாளி இழப்பீடு கோரலாம் என்ற நிலையில் கற்றவர் மறப்பதில்லை. 2009க்குள் 50 மாநிலங்களும் மருந்தாளுநருக்கு ஊசி போடும் அனுமதி கொடுத்துவிட்டன. இன்று அங்கே பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசி போடுவதில் மருந்துக்கடைகள் மருத்துவர் கிளினிக்குகளை முந்திவிட்டன.

இதில் கல்வியின் பங்கு என்ன, கடை பக்கத்தில் இருப்பதும் இரவு வரை திறந்திருப்பதும்தானே காரணம் என்று கேட்கலாம். கூட்டம் வந்ததற்கு அதுதான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைகள் முன்பும் பக்கத்தில்தான் இருந்தன. மருத்துவர் அமைப்புகளின் ஆட்சேபத்துக்கு நடுவே சட்டமன்றங்கள் அனுமதி கொடுத்ததற்கு, கையில் காட்டக்கூடிய ஒரு பயிற்சி இருந்ததும் முக்கியக் காரணம். இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: உரிமையோடு முடிச்சுப் போட்டால் உரிமை கிடைத்த மறுநாளே படிப்பு நின்றுபோகும், முட்டை ஒவ்வாமை பற்றிய பழைய பாடத்தையே இருபது ஆண்டு ஒப்பிப்பார்கள். இது நடக்கக்கூடியதுதான். 2020 ஆகஸ்டில் மருந்தாளுநர்கள் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடலாம் என்று அமெரிக்க சுகாதாரத் துறை அறிவித்தபோது இதற்கும் ஒரு வழி வைத்தது. முதலில் 20 மணி நேரச் செய்முறைப் பயிற்சி, பிறகு ஒவ்வோர் உரிமக் காலத்திலும் தடுப்பூசி குறித்தே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பு. எந்தத் தலைப்பில் வேண்டுமானாலும் மணி சேர்த்துக்கொள்ள அங்கே இடமில்லை. இதுவும் கடிகாரக் கணக்குதான், அதுவும் சில மாநிலங்களில் உரிமக் காலம் இரண்டு ஆண்டு. வைரஸோ ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கிறது.