சாமான் ஏத்த வந்த வண்டியில குடும்பம் ஏறின கதை

1974 ஜனவரி 15. யப்பானியப் பிரதமர் தனாக்கா ஜகார்த்தாவுக்கு வந்து நிற்கிறார். வெளியே ஊழலுக்கும் வெளிநாட்டு முதலீட்டுக்கும் எதிராக மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள். பின்னேரத்துக்குள் அது கலவரமாக மாறி, தெருவில் கண்ட யப்பான் கார்களெல்லாம் எரிகின்றன. ரொயோட்டா கார் விற்ற கட்டடமும் தப்பவில்லை. ‘மலாரி’ என்று இந்தோனேசியர்கள் சொல்லும் அந்தக் கலவரத்தில் உயிர்களும் போயின.

மூன்றே வருசத்தில், 1977இல், அதே கம்பனி அதே நகரத்தில் ஒரு வண்டியை இறக்கியது. பேர் கிஜாங். இந்தோனேசிய மொழியில் அது ஒரு சின்ன மான். எரிந்த காருக்கும் இதுக்கும் கம்பனி ஒண்டுதான், பேர் மட்டும் உள்ளூர்ப் பேர்! பிலிப்பைன்ஸில் ஆறு மாசம் முந்தியே இதன் சோடி வந்துவிட்டது. அங்கே பேர் தாமராவ், மிண்டோரோ தீவில் மட்டும் வாழும் குள்ளக் காட்டெருமை.

முதல் கிஜாங்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். தகரப் பெட்டிக்குச் சில்லு பூட்டின மாதிரி ஒரு பிக்கப். 1.2 லீற்றர் எஞ்சின். கதவில் கண்ணாடி கூட இல்லை. எஞ்சின் மூடியைத் திறந்தால் முதலை வாயைப் பிளந்த மாதிரி இருக்குமாம், அதனால் சனம் ‘கிஜாங் புவாயா’, அதாவது முதலைக் கிஜாங் என்று கூப்பிட்டது. வளைவு இல்லாத தட்டைத் தகடு என்றால் பெரிய அச்சு இயந்திரம் தேவையில்லை, உள்ளூரிலேயே மடிச்சு ஒட்டலாம். ஏழை நாடுகளுக்கு இப்படியான வண்டிதான் காணும் என்று அந்தக் காலத்தில் கம்பனிகள் நினைத்தன. பிலிப்பைன்ஸில் ஃபோர்ட் விற்ற ஃபியராவும் இதே சாதிதான்.

ஆனால் இது குடும்ப வண்டியானது கம்பனியின் கெட்டித்தனத்தால் மட்டும் இல்லை. காரணம் வரி. இந்தோனேசியாவில் அந்தக் காலத்தில் செடான் காருக்கு ஆடம்பர வரி கூடவாக இருந்தது, வர்த்தக வண்டிக்குக் குறைவு. சனம் கணக்குப் பார்த்தது. பிக்கப்பை வாங்கி ‘கரோசெரி’ எனும் உடல் கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய், பின்பக்கத்துக்குக் கூரை, ஜன்னல், சீற் எல்லாம் போட்டு எடுத்தார்கள். தகட்டின் மேடுபள்ளத்தை மறைக்கக் கிலோக் கணக்கில் மக்கு பூச வேண்டியிருந்தது. வெயிலில் அது வெடிக்கும், வெடிச்சால் திரும்பப் பூசுவார்கள். அம்மம்மா, பிள்ளைகள், அரிசி மூட்டை எல்லாம் ஒரே வண்டியில் பெருநாளுக்கு ஊருக்குப் போகலாம் என்றால் மக்கு வெடிப்பை ஆர் பாக்கப்போகினம்? கம்பனி சனத்துக்குப் பின்னால்தான் ஓடி வந்தது. 80களிலும் 90களிலும் வந்த மாடல்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிற்சாலையே குடும்ப வண்டியாகச் செய்து கொடுத்தது. கம்பனி வரலாறுகளில் அந்தப் பட்டறைக்காரருக்கு ஒரு வரிதான் கிடைக்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

மனிலாவில் கதை வேற மாதிரி. 90களில் வந்த தாமராவ் எஃப்எக்ஸை டக்சிக்காரர் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் எதிரெதிரே பெஞ்ச், ஏசி வேறு. ஜீப்னியின் புகையில் வேர்த்துக் களைத்த அலுவலகச் சனம் கொஞ்சம் கூடக் காசு குடுத்து இதில் நெருக்கிக்கொண்டு போனது. கடைசியில் ‘எஃப்எக்ஸ்’ என்றால் பங்கு டக்சி என்றே அர்த்தமாகிவிட்டது, எந்தக் கம்பனி வண்டியாக இருந்தாலும்.

நமக்குத் தெரிந்த உறவுக்காரன் குவாலிஸ். தமிழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் ரொயோட்டா கிர்லோஸ்கர் 2000இல் இறக்கியது. கிஜாங்கின் உருண்டை வடிவ மாடல் இந்தோனேசியாவில் 1997இலேயே வந்துவிட்டது. இந்தியாவுக்கு அனுப்பியதோ அதுக்கு முந்தின சதுர வடிவம், முகத்தைக் கொஞ்சம் மாத்தி. பழசைத் தள்ளிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம்தான். ஆனால் இரவுபகலாக ஓடிய கோல் சென்ரர் வண்டிக்காரருக்கு அது பிரச்சினையாகவே தெரியவில்லை, நல்லாத்தான் விற்றது.

2004இல் இன்னோவா வந்தது. அடுத்த வருசம் குவாலிஸ் நின்றது. மற்ற நாடுகளில் வெறும் இன்னோவா. இந்தோனேசியாவில் மட்டும் இன்றைக்கும் அதன் பேர் ‘கிஜாங் இன்னோவா’. அந்த மானைத் தூக்கிப்போடக் கம்பனிக்குத் துணிவு வரவில்லை.